நிறுத்தியாச்சு, அப்புறம்?

(மதுரையில் குடிமீட்பு மையம் ஒன்றின் ஆண்டுவிழாவில், சிகிச்சை முடித்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கூடிய அரங்கில், மனநல சமூகப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இதுபோன்ற மேடைகளில் பேச வருகிறவர்கள் கல்லீரலில் தொடங்கிக் கல்லறையில் முடிப்பது வழக்கம். நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குக் குடியின் கெடுதி என்னைவிட நன்றாகத் தெரியும். மீதிப் பாதிப் பேர் அவர்களோடு குடித்தனம் நடத்தியவர்கள். அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நிறுத்திய பிறகு வருகிற நாட்களைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன். அதைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. 'நிறுத்திட்டான்' என்றவுடன் படம் முடிந்துவிட்டதுபோல எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

குடி என்று சொல்லும்போது கஞ்சா, வலி மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். ஒவ்வொன்றும் உடம்பில் வேலை செய்கிற விதம் வேறு. ஆனால் விட்ட பிறகு மனிதன் படுகிற பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் வாரம் மருத்துவர் கையில் இருக்க வேண்டும்.

எங்களிடம் வருகிறவர்கள் முதல் மாதம் தூக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள், கை நடுக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். மூன்றாவது மாதம் அதே ஆள் வந்து உட்காருவார். உடம்பு தேறியிருக்கும், முகம் தெளிந்திருக்கும். 'நிறுத்திட்டேன் சார். ஆனா ஒண்ணுமே நல்லா இல்ல' என்பார். பிடித்த நடிகரின் படத்துக்குப் போனால் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிடத் தோன்றுகிறது. திருவிழாவில் மேளம் அடித்தால் கால் ஆடமாட்டேன் என்கிறது. மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்து நிற்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிகிறது, சந்தோஷம்தான் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் மனைவி இருப்பார். 'குடிச்சப்ப இதைவிடக் கலகலப்பா இருந்தாரு சார்' என்று அவர் தயங்கித் தயங்கிச் சொல்வதும் உண்டு. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழிப்பார்.

இருவரும் அதற்குள் மனதில் ஒரு தீர்ப்பு எழுதியிருப்பார்கள். 'இவருக்கு இன்னும் அதுமேலதான் நெனப்பு' என்பது மனைவியின் தீர்ப்பு. 'நம்ம பொறப்பே இப்படித்தான், சரக்கு இல்லாம நாம ஒண்ணுமில்ல' என்பது கணவரின் தீர்ப்பு. இரண்டுமே தவறு. நடப்பது உடம்பின் வேலை. அதற்குக் கொஞ்சம் காலக்கணக்கு இருக்கிறது.

1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் சாண்ட்ரா பிரவுன், மார்க் ஷக்கிட் என்ற இரு ஆய்வாளர்கள் குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 191 ஆண்களின் மனநிலையை வாரா வாரம் அளந்து பார்த்தார்கள். சேர்ந்த சமயத்தில் 42 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வின் அடையாளங்கள் இருந்தன. குடிக்காமல் நான்கு வாரம் கழிந்தபோது அது 6 சதவீதமாகிவிட்டது. அந்தச் சோர்வில் பெரும்பகுதி குடியே கொண்டுவந்தது. குடி போனதும் அதுவும் போய்விட்டது. அப்படியானால் மிச்சமிருக்கும் அந்த வெறுமை எங்கிருந்து வருகிறது?

நம் மூளையில் டோபமின் என்ற ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. 'இது நல்லது, மறுபடி தேடிப் போ' என்று சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. நல்ல காபியும் ஒரு பாராட்டும் பேரனின் சிரிப்பும் அதைக் கொஞ்சம் ஏற்றும். போதைப்பொருள் அதைப் பல மடங்கு ஏற்றும். தினமும் அப்படி வெள்ளமாக வந்தால் மூளை அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. ஸ்பீக்கர் அலறுகிற கல்யாண மண்டபத்திலிருந்து வெளியே வந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கொஞ்ச நேரம் காதில் விழாது அல்லவா, அதுபோலத்தான். காபியும் பாராட்டும் பேரனின் சிரிப்பும் குறைந்துவிடவில்லை. காதுதான் இன்னும் அடைத்திருக்கிறது.

அந்த அடைப்பு எவ்வளவு நாளில் திறக்கும்? நோரா வோல்கோவ் என்ற மருத்துவர் மெத்தாம்ஃபெட்டமின் என்ற கடுமையான போதைப்பொருளை விட்டவர்களின் மூளையைப் படம்பிடித்து 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஐந்தே பேர்தான், சிறிய ஆய்வு. விட்டு 12 முதல் 17 மாதம் ஆனபோது, டோபமினைக் கையாளும் புரதங்கள் குறிப்பிடத்தக்க அளவுக்குத் திரும்பி வந்திருந்தன. ஞாபகசக்தி, கை வேகம் போன்றவை அதே அளவுக்குத் தேறவில்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்ற கணக்கு அங்கே கிடைக்கிறது. நம் வீடுகளில் கொடுக்கிற கெடு எவ்வளவு? 'மூணு மாசம் ஆச்சே, இன்னும் என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு!'

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். ஹார்வர்டைச் சேர்ந்த ஜான் கெல்லியும் குழுவினரும் மது, போதைப் பிரச்சினையிலிருந்து மீண்டதாகச் சொன்ன அமெரிக்கர்களை நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்து, மீண்டு எத்தனை ஆண்டாயிற்று, இப்போது வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டு 2018இல் எழுதினார்கள். பொதுவாக எல்லாமே ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது; முதல் சில ஆண்டுகளில் வேகமாக ஏறுகிறது. ஆனால் மகிழ்ச்சியும் தன்மதிப்பும் மட்டும் முதல் ஆண்டில் முதலில் சற்று இறங்கி, பிறகுதான் ஏறுகின்றன. அந்த வளைகோட்டை அச்செடுத்து எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மூன்றாம் மாதத்துக்காரர் வந்தால் அந்தப் பள்ளத்தின் மேல் விரல் வைத்து, 'அண்ணே, நீங்க இங்க இருக்கீங்க' என்று காட்டுவேன். ஆறுதல் வார்த்தை நூறு சொல்வதைவிட இது வேலை செய்கிறது. தான் கெட்டுப்போய்விடவில்லை, எல்லோரும் நடக்கிற ரோட்டில்தான் நடக்கிறோம் என்று அவருக்குப் புரிகிறது.

'குடிச்சப்பவாவது சந்தோஷமா இருந்தேன்' என்பதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். எந்தக் குடியில்? பத்து வருடத்துக்கு முன்னால் நண்பர்களோடு குற்றாலத்தில் குடித்ததா, இல்லை கடைசி வருடம் காலை எழுந்தவுடன் கை நடுக்கம் நிற்கத் தனியாக நின்று கட்டிங் போட்டதா? கென்ட் பெரிட்ஜ் என்ற மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் வேண்டுவதும் ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு பாதைகள் என்று காட்டியிருக்கிறார். ரசனை செத்துப்போன பிறகும் வேட்கை உயிரோடு இருக்கும். ஆகவே ஆசை எட்டிப்பார்க்கிறது என்பதாலேயே அதில் இன்பம் இருந்தது என்று அர்த்தமில்லை. உங்கள் கடைசி வருடக் குடியை நினைத்துப் பாருங்கள், தெரியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலாகியும் பசியில்லை, தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று இருந்தால் அதைப் 'பள்ளம்' என்று தள்ளிவிடக் கூடாது. அது தனியாகச் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம், மருந்துக்குக் கேட்கும். இரவு இரண்டு மணிக்கும் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் ஆலோசகர் தமிழில் பேசுவார்.

மூளை அதன் வேகத்தில் ஆறட்டும். அதுவரை மனிதன் என்ன செய்வது? இங்கேதான் மாலை ஆறு மணிப் பிரச்சினை வருகிறது.

குடிக்கிறவருக்கு நேரம் போவது தெரியாது. வேலை விட்டதும் கடை, கடையிலிருந்து பார், பாரிலிருந்து வீடு, அல்லது வீட்டுக்கு வரும் வழியில் எங்காவது. நிறுத்தியவர் கையில் ஆறிலிருந்து பத்து வரை நான்கு மணி நேரம் திடீரென்று வந்து விழுகிறது. சனிக்கிழமை கூலி வாங்கிய கொத்தனாருக்கு அந்த நான்கு மணி நேரம் மலைபோலத் தெரியும். வீட்டுக்குப் போனால் டிவியில் சீரியல், அவருக்கு அங்கே இடமில்லை. பிள்ளைகள் அப்பா சீக்கிரம் வந்துவிட்டாரே என்று ஆளுக்கொரு மூலையில் ஒதுங்குகிறார்கள். பழைய நண்பர்களைப் பார்க்கக் கூடாது என்று நாங்களே சொல்லி அனுப்பியிருக்கிறோம். புது நண்பர்கள் எங்கே விற்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை.

நம் ஊர்களில் காசு கொடுக்காமல் ஒரு ஆண் ஒரு மணி நேரம் உட்கார எத்தனை இடம் இருக்கிறது? ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு படிப்பகமும் மன்றமும் இருந்தன. ஒருவர் தினத்தந்தியைச் சத்தமாக வாசிக்க, நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேரம் போர்டு இருக்கும், சிலம்பம் இருக்கும். 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறை விற்பனை செய்கிறது. மாலையில் கூடும் இடமாக எங்கள் பகுதியில் மிஞ்சியது அந்தக் கடையை ஒட்டிய பார்தான். நான் அரசியல் பேச வரவில்லை. மாலைநேரத்தை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் கேட்கிறேன்.

இந்த மாலைநேரக் கேள்வியிலிருந்துதான் உலகின் பெரிய குடிமீட்பு இயக்கம் ஒன்றே பிறந்தது. 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், ஒரு வியாபார விஷயமாக அங்கே வந்திருக்கிறார். காரியம் தோற்றுப்போகிறது. கையில் அதிகம் காசில்லை. சனிக்கிழமை. ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நடந்துகொண்டிருக்கிறார். ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனும் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். அவர் டெலிபோன் பக்கம் போனார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று வரிசையாக அழைத்துக் கேட்டார். அடுத்த நாள் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கால் மணி நேரம் போதும் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின், நம் ஊர்ப் பேச்சில் ஏ.ஏ.யின், ஆரம்பம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பில் வில்சன் அன்றைக்கு உதவி கேட்டுப் போகவில்லை. உதவி செய்ய ஆள் தேடிப் போனார். நான்கு சுவருக்குள் 'எனக்கு எப்போது சந்தோஷம் வரும்' என்று உட்கார்ந்திருந்தால் அது வருவதற்கு ரொம்ப நாளாகும். இன்னொருவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அவர் கதையைக் கேட்கிறபோது அது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சோறு பரிமாறுகிற வேலையை ஆறு மாதம் தாண்டியவர்களுக்குத்தான் கொடுக்கிறோம். அந்த வேலைக்குப் போட்டி.

அதே பில் வில்சன் பின்னாளில் பல ஆண்டுகள் கடும் மனச்சோர்வில் கிடந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, ஊர் ஊராகப் புகழ், ஆனால் படுக்கையை விட்டு எழ முடியாத நாட்கள். 1958இல் ஏ.ஏ. இதழில் எழுதிய ஒரு கட்டுரையில், குடியை விடுவது ஒரு கட்டம், உணர்ச்சிகளில் மீள்வது அடுத்த கட்டம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிறர் தரும் மதிப்பிலும் பாதுகாப்பிலும் முழுக்கச் சாய்ந்திருந்ததுதான் தன் நோய் என்று கண்டுகொண்டதாக எழுதினார். ஆக, 'நிறுத்திப் பத்து வருஷம் ஆகியும் எனக்கு மனசு சரியில்லையே' என்று வருகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இயக்கத்தைத் தொடங்கியவருக்கே அப்படித்தான்.

இனி தைரியத்துக்கு வருவோம். 'ரெண்டு ரவுண்டு உள்ள போனா கலெக்டர்கிட்டகூடப் பேசுவேன் சார். இப்ப மளிகைக் கடையில மீதிச் சில்லறை கேக்கவே நாக்கு ஒட்டுது.' இதை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டாயிற்று. அந்தத் தைரியம் பாட்டிலுக்குள் இருந்தது என்று அவர்கள் நம்புகிறார்கள்.

1977இல் டெரன்ஸ் வில்சன், டேவிட் ஆப்ரம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஒரு பரிசோதனையாகச் செய்தார்கள். எப்போதாவது குடிக்கிற ஆண்களை அழைத்தார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக், சிலருக்கு வெறும் டானிக். அதில்தான் ஒரு தந்திரம். வோட்கா குடித்தவர்களில் பாதிப் பேரிடம் 'இது வெறும் டானிக்' என்றும், வெறும் டானிக் குடித்தவர்களில் பாதிப் பேரிடம் 'இதில் வோட்கா இருக்கிறது' என்றும் சொல்லிவிட்டார்கள். பிறகு அறிமுகமில்லாத ஒரு பெண்ணிடம் போய்ப் பேசச் சொல்லி, இதயத் துடிப்பை அளந்தார்கள். குடித்திருப்பதாக நம்பியவர்களுக்குப் படபடப்பு குறைவாக இருந்தது. உள்ளே உண்மையில் வோட்கா போயிருந்ததா என்பது அதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. வெறும் டானிக்கைக் குடித்துவிட்டு, 'நான் போட்டிருக்கிறேன்' என்ற நினைப்பிலேயே ஆள் தெம்பாகப் பேசியிருக்கிறார். கலெக்டரிடம் பேசிய தைரியத்தில் பெரும்பங்கு உங்கள் சொந்தச் சரக்கு. பாட்டில் அதற்குப் பேர் வாங்கிக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து அதே ஆய்வாளர்கள் பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். முடிவு தலைகீழ். குடித்திருப்பதாக நம்பிய பெண்களுக்குப் படபடப்பு கூடியது. 'நிதானம் தவறிவிடுமோ, நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்ற பயம். உலகம் ஆணுக்கு ஒரு கணக்கும் பெண்ணுக்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. அது உடம்புக்குள் புகுந்து துடிப்பையே மாற்றுகிறது. நம் ஊரில் மாத்திரைக்கோ மதுவுக்கோ அடிமையான பெண்கள் சிகிச்சைக்கு வர ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று கேட்கிறவர்கள் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளலாம். வந்து, மீண்டு, வீட்டுக்குப் போன பிறகும் ஆணுக்குக் கிடைக்கிற 'திருந்திட்டான்பா' என்ற தட்டிக்கொடுத்தல்கூட அவளுக்குக் கிடைப்பதில்லை. அவளுக்கென்று ஒரு தனிக்கூட்டம் எந்த ஊரில் நடக்கிறது? மதுரையில் இவ்வளவு பேர் கூடியிருக்கிறோம். மீண்டவர்களாக இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

தைரியத்தை எப்படித் திரும்பப் பெறுவது? உள்ளே முதலில் தைரியம் வரட்டும், பிறகு கல்யாண வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தால் பத்து முகூர்த்தம் போய்விடும். படபடப்போடுதான் போக வேண்டும். சின்ன இடத்தில் தொடங்கலாம்: ரேஷன் கடை வரிசை, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வாக்கியம். ஏ.ஏ. கூட்டங்களில் எழுந்து நின்று பகிர்ந்துகொள்ளச் சொல்வதை ஒரு சடங்கு என்று நினைக்கிறார்கள். முப்பது பேர் முன்னால், குடிக்காமல், தன் குரலைத் தானே கேட்கிற பயிற்சி அது. ஏ.ஏ.யால் பலன் பெறுகிறவர்களுக்கு அது எப்படிக் கிடைக்கிறது என்று ஆராய்ந்தபோதும் நட்பு வட்டம் மாறுவதும், ஆட்கள் நடுவில் குடிக்காமல் இருக்க முடியும் என்ற தெம்பு கூடுவதும்தான் முக்கியமான காரணங்களாகத் தெரியவந்தன.

கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எழவு வீடு. நம் ஊரில் ஆபத்து இந்த நான்கில்தான். ஆலன் மார்லட் என்ற உளவியலாளரும் குழுவினரும் மறுபடி சறுக்கிய 311 சம்பவங்களை அலசினார்கள். 35 சதவீதம் கோபம், சோர்வு, தனிமை போன்ற மனநிலையில் நடந்தவை. 16 சதவீதம் சண்டைக்குப் பிறகு. 20 சதவீதம் பக்கத்திலிருப்பவர் வற்புறுத்தியதால் அல்லது அவர் குடிப்பதைப் பார்த்ததால். அந்த 20 சதவீதத்துக்கு ஒத்திகை பார்க்கலாம். எங்கள் அறையில் நாற்காலிகளைப் போட்டு, ஒருவர் மாமன் மகனாக உட்கார்ந்து, 'மாப்ள, எந்தங்கச்சி கல்யாணத்துக்கு நீ ஒரு வாய் நனைக்கலேன்னா எப்படிடா' என்று கெஞ்சுவார். பதில் ஒரே வரியில் இருக்க வேண்டும்: 'வேணாம் மாப்ள, நான் விட்டுட்டேன். நீ சாப்பிடு.' 'டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு' என்று சொல்லாதீர்கள். 'மாத்திரை எப்ப முடியுது?' என்று அடுத்த கேள்வி தயாராக வரும். முகூர்த்தத்துக்குப் போங்கள், முந்தின நாள் ராத்திரி மண்டபத்தில் தங்காதீர்கள். பந்தியில் இலை போடுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் சாம்பார் வாளி இருக்கிறவனை யாரும் மொட்டைமாடிக்கு வாடா என்று கூப்பிட மாட்டார்கள்.

எழவு வீடு இன்னும் கஷ்டம். சுடுகாட்டு வேலை, ராத்திரி முழித்திருப்பது, துக்கம், எல்லாவற்றுக்கும் சரக்கு ஒரு மருந்தாகவே நம் ஊரில் ஏற்பாடாகிவிட்டது. மீண்ட இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு ஜோடியாகப் போங்கள். மாலையைப் போட்டு, அடக்கம் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

இளைஞர்களுக்கு நான் சொன்ன பாதி விஷயம் பொருந்தாது. நாற்பது வயதில் நிறுத்துகிறவருக்குக் குடிக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தார்; கபடி ஆடினார், நாடகத்தில் வேஷம் கட்டினார், பெண் பார்க்கப் போய் வெட்கப்பட்டார். அந்த ஆளைத் தேடிக் கூட்டிவந்துவிடலாம். பதினைந்து வயதில் கஞ்சாப் பொட்டலத்தையோ மாத்திரையையோ தொட்டுவிட்டு இருபத்திரண்டில் நிறுத்துகிற பையனுக்குத் திரும்பிப் போக ஓர் ஆளே இல்லை. போதையில்லாமல் ஒரு பெண்ணிடம் பேசியதில்லை, ஒரு நேர்காணலுக்குப் போனதில்லை, அழுததுகூட இல்லை. உடம்புக்கு இருபத்திரண்டு, பழக்கவழக்கத்தில் பதினைந்து. அவனைப் பார்த்து 'எருமை மாதிரி வளர்ந்திருக்க, பேசத் தெரியல' என்று திட்டுவதில் பிரயோஜனமில்லை. அவனுக்கு மீட்பு என்று எதுவுமில்லை, புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். இவர்களில் சிலருக்குக் கூச்சம்தான் முதலில் வந்திருக்கும். ஆட்களைக் கண்டால் வியர்த்துக் கொட்டும் பையன், ஒரு இழுப்பில் அது நின்றுவிட்டதைக் கண்டுபிடித்திருப்பான். அந்தக் கூச்சத்துக்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே குணமாகும். அதைக் கவனிக்காமல் போதையை மட்டும் பிடுங்கினால் அவன் மறுபடி அங்கேதான் போவான்.

அக்கா, தங்கச்சிகளே, அம்மாக்களே, உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். நீங்கள் பட்டதற்கு யாரும் ஈடு தர முடியாது. ஆனாலும் இதைச் சொல்கிறேன். ஆறு மாதமாகத் தொடாத மனிதர் பேருந்து தாமதமாகி எட்டரைக்கு வருகிறார். வாசலிலேயே வழிமறித்து, 'வாயை ஊது' என்கிறீர்கள். அவர் ஊதுகிறார். ஒன்றுமில்லை. நீங்கள் நிம்மதியாக அடுப்படிக்குப் போய்விடுகிறீர்கள். அவர் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நிற்கிறார். 'குடிக்காமலே இந்தப் பட்டம்னா, குடிச்சிட்டே வாங்கலாமே' என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் தானாகப் போகாது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் அவர் போன் செய்வார், நீங்கள் வாசலில் கேட்க மாட்டீர்கள். சம்பளத்தை முழுதாகப் பிடுங்கி வைப்பதும் முதல் மாதங்களுக்குத்தான். பிறகு கரண்ட் பில்லைக் கட்ட அனுப்புங்கள், மகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது கூட்டிப் போங்கள், 'நீங்க என்ன சொல்றீங்க' என்று ஒரு தடவை கேளுங்கள். அதைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருக்கும் அவருக்கு.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று சுவரிலும் பேருந்திலும் விளம்பரம் செய்கிற பொடிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மதுவோடு சேர்ந்தால் உயிரை வாங்கும் மருந்தாகவும் இருக்கலாம். அது வெளியே தெரிந்துவிட்டால் பிறகு நீங்கள் போடுகிற சோற்றையும் அவர் நம்ப மாட்டார்.

இடம் இல்லையே என்று சொன்னேன். இடத்தை உண்டாக்கியவர்கள் இருக்கிறார்கள். 1973இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜார்ஜ் ஹன்ட், நேதன் அஸ்ரின் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதோடு வேலை தேடிக்கொடுத்தார்கள், கணவன் மனைவி சண்டையைத் தீர்த்துவைத்தார்கள், வெளியுலகத் தொடர்பு வேண்டும் என்று வீட்டுக்கு டெலிபோனும் செய்தித்தாளும் வர ஏற்பாடு செய்தார்கள். பழைய மதுக்கடை ஒன்றையே எடுத்து, மது இல்லாத மனமகிழ் மன்றமாக மாற்றினார்கள். குழுவுக்கு எட்டே பேர்தான். வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் பின்வந்த மாதங்களில் 79 சதவீத நாட்களைக் குடியில் கழித்தார்கள். இந்தக் குழு 14 சதவீதம். நாங்கள் அறைக்குள் உட்கார்ந்து தருகிற ஆலோசனையைப் பற்றி எனக்கு அதிக கர்வம் வராமல் பார்த்துக்கொள்வது இந்த எண்கள்தான்.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிந்த மையத்தைத் தொடங்கினார். 1989இல் அந்த மையத்தினர் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்குப் போய் அங்கேயே முகாம் போட்டார்கள். நோயாளி சென்னைக்கு வந்து யாருக்கும் தெரியாமல் குணமாகித் திரும்பாமல், சொந்த ஊர்க்காரர்கள் கண் முன்னால் குணமாகிறார். ஊர்ப் பெரியவர் பார்க்கிறார், முதலாளி பார்க்கிறார், மச்சினன் பார்க்கிறான். பிறகு அவர் தெருவில் நடக்கும்போது 'நான் மாறிட்டேன்' என்று வீடு வீடாகப் போய் நிரூபிக்க வேண்டியதில்லை. தன்னம்பிக்கை தனிமனிதன் நெஞ்சுக்குள் மட்டும் விளைகிற பொருள் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாதியை ஊர்தான் தருகிறது.

2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். அந்த 38இல் ஒருவர்தான் நீங்கள். மீதி 37 பேர் உங்கள் தெருவில் இருக்கிறார்கள், உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சிடுசிடுவென்று திரிந்தால் 'விட்டா இப்படித்தான் ஆகணுமா, வேணாம்பா' என்று முடிவு செய்துவிடுவார்கள்.

கடைசியாக இந்த மையத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. கீழ்த்தளத்தில் ஒரு கூடம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டுவிடுகிறது. அதை இரவு ஒன்பதரை வரை திறந்து வையுங்கள். கேரம் போர்டு இரண்டு, செய்தித்தாள், கேஸ் அடுப்பு, டீத்தூள், பால். மருத்துவர் வேண்டாம், அறிவுரைப் பலகை வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும். சனிக்கிழமை கட்டாயம் திறந்திருக்க வேண்டும், கூலி நாள். செலவை இங்கே உள்ளவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரு குவார்ட்டர் விலையை விடக் குறைவாகத்தான் ஆளுக்கு வரும். சாவி மட்டும் அலுவலகத்தில் இருக்க வேண்டாம், என்னிடமும் வேண்டாம். மூன்று வருடம் தாண்டியவர்கள் நாலைந்து பேர் பின்வரிசையில் இருக்கிறார்கள். யார் வைத்துக்கொள்வது என்று சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவர்கள் பேசி முடிவு செய்யட்டும்.